தாத்தாவின் 1966 ஸ்டாண்டர்ட் ஹெரால்டு: எதை மாற்றலாம், எதைத் தொடாமல் விடலாம்?

முள்ளியாறு66 கேட்கிறார்:

எல்லோருக்கும் வணக்கம். திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். தாத்தா எல்.ஐ.எம். படித்த டாக்டர். 1966-ல் அவர் வாங்கிய இரண்டு கதவு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு இன்றும் எங்கள் கொல்லையில் நிற்கிறது. எம்எஸ் என்று தொடங்கும் பழைய எண். தாத்தாவுக்குப் பிறகு அப்பா 2003 வரை ஓட்டினார். ஒருநாள் கிளட்ச் மிதித்தால் அப்படியே தரையோடு போய்விட்டது. அறுப்பு முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று கொட்டகையில் தள்ளி விட்டார். அந்த அறுப்பும் முடிந்தது, எத்தனையோ அறுப்பும் முடிந்தது. போன ஆவணியில் அப்பா தவறிவிட்டார். காரியமெல்லாம் முடிந்த பிறகு அம்மா பீரோவைத் திறந்து, மஞ்சள் நூல் கட்டிய வண்டிச் சாவியை எடுத்து என் கையில் கொடுத்தார். "இனிமே உன் பாடு" என்றார். அவ்வளவுதான்.

வண்டியின் நிலைமை இதுதான். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது தென்னை ஒன்று கொட்டகை மேல் சாய்ந்தது. ஓடும் கைமரமும் வண்டி மேல் இறங்கி, கூரை நடுவில் நான்கு விரல் ஆழத்துக்குக் குழிந்துவிட்டது. பின்கண்ணாடி நொறுங்கிவிட்டது, முன்கண்ணாடி தப்பியது. டிரைவர் பக்கக் கதவு திறந்தால் ஒரு விரல்கடை கீழே இறங்குகிறது. தூக்கிப் பிடித்துத்தான் மூட வேண்டும். முன்பக்கத் தரையில் இரண்டு இடத்தில் மண் தெரிகிறது. சீட்டை எலி தின்றுவிட்டது. இன்ஜின் ஜாம் ஆகியிருக்கிறது என்று நினைக்கிறேன். ஃபேனைக் கையால் திருப்பினால் அசையவில்லை.

சென்னையில் ஒரு பட்டறையில் போட்டோ காட்டிக் கேட்டோம். கூரையை வெட்டி எடுத்துத் திறந்த கார் ஆக்கலாம், மாருதி இன்ஜினும் ஐந்து கியரும் போடலாம், அலாய் வீல், பெரிய ஸ்கிரீன் எல்லாம் சேர்த்து ஏழு லட்சம் என்றார்கள். கம்ப்யூட்டரில் ஒரு படமும் போட்டு அனுப்பினார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. தம்பிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. கூரைதான் எப்படியும் நசுங்கிவிட்டதே, அதைப் போய் ஏன் நிமிர்த்த வேண்டும் என்பது அவன் கட்சி.

எனக்கு மனது ஒப்பவில்லை. ஆனால் "ஒரிஜினலாகவே வைக்க வேண்டும்" என்று சொல்லவும் முடியவில்லை. ஏனென்றால் இந்த வண்டியை முதலில் மாற்றியவர் தாத்தாதான்.

டேஷ்போர்டின் இடப்பக்கம் ஒரு பித்தளைக் கைப்பிடி இருக்கிறது. கும்பகோணத்தில் சொல்லிச் செய்தது. பிரசவ வலி எடுத்த பெண்களை இரவில் ஏற்றிக்கொண்டு வாய்க்கால் கரை மண்பாதையில் வருவார். முன்சீட்டில் இருக்கும் பெண் பிடித்துக்கொள்ள ஒரு பிடி வேண்டும் என்று வைத்தாராம். போன வாரம் புளி போட்டுத் தேய்த்துப் பார்த்தேன். இரண்டு ஓரமும் கட்டைவிரல் தடிமன் இருக்கிறது. நடுவில் மட்டும் தேய்ந்து சுண்டுவிரல் அளவுக்கு மெலிந்திருக்கிறது. எத்தனை கைகள் பிடித்திருந்தால் பித்தளை அப்படித் தேயும்!

அதுபோக, டிரைவர் பக்கக் கண்ணாடித் தூணில் உள்ளேயிருந்தே திருப்பும்படி ஒரு விளக்கு. இருட்டில் எந்த வீட்டு வாசலில் ஆள் நிற்கிறார் என்று பார்ப்பதற்கு. பின்சீட்டில் பாதியை எடுத்துவிட்டு வேங்கை மரத்தில் ஒரு பெட்டி. மருந்துப் பாட்டில்கள் குலுங்காமல் நிற்க உள்ளே பள்ளம் பள்ளமாகக் குடைந்திருக்கிறார். ஒரு பள்ளத்தில் இன்னும் டிஞ்சர் கறை இருக்கிறது.

இதில் ஒரிஜினல் என்பது எது? கம்பெனியிலிருந்து வந்த வண்டியா, தாத்தா ஓட்டிய வண்டியா? இன்ஜினை மீட்க முடியுமா, கூரையை என்ன செய்வது, ஆர்.சி. இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கிறதே, எதில் தொடங்குவது? ஹெரால்டைக் கையாண்டவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். கையில் மூன்றரை லட்சம் இருக்கிறது, அவசரம் எதுவும் இல்லை.

---

பழையபட்டறை, திருச்சி:

தம்பி, ஏழு லட்சம் கேட்டவர்களுக்கு இந்த வண்டி எப்படிக் கட்டப்பட்டது என்று தெரியவில்லை. ஹெரால்டின் கூரையை வெட்டவே வேண்டாம். அது வெல்டிங் இல்லை, போல்ட்!

கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதைப் புரிந்துகொண்டால் உங்கள் பாதிக் கேள்வி தீர்ந்துவிடும். இங்கிலாந்தில் 1959-ல் வந்த டிரையம்ப் ஹெரால்டுதான் 1961-லிருந்து நம் வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்ட் என்ற பெயரில் தயாரானது. வரைந்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. அந்தக் காலத்திலேயே மற்ற கார்கள் சேஸும் (அடிச்சட்டம்) பாடியும் ஒன்றாக வர ஆரம்பித்துவிட்டன. ஆனால் டிரையம்ப் கம்பெனிக்குப் பாடி அடித்துக் கொடுத்த தொழிற்சாலையைப் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டது. முழு பாடியை ஒரே துண்டாக அடித்துக் கொடுக்க ஆள் இல்லை. அதனால் தனி சேஸ் வைத்து, மேலே துண்டு துண்டாகச் செய்து போல்ட் போட்டு மாட்டினார்கள். முன்பக்கம் முழுவதும் ஒரே பானெட்டாக முன்னால் சாயும், டயர் மேல் உட்கார்ந்து இன்ஜின் வேலை பார்க்கலாம். கூரை தனி. முன் தரைத்தொட்டி தனி, பின் தொட்டி தனி, இரண்டும் சீட்டுக்குப் பின்னால் குறுக்காக போல்ட்டில் சேரும்.

ஆகவே குழிந்த கூரையைக் கழற்றித் தரையில் கவிழ்த்துப் போட்டு, மணல் மூட்டை அடியில் கொடுத்து, கை தேர்ந்த டிங்கரை வைத்துத் தட்டினால் எழுந்துவிடும். நான்கு விரல் குழி ஒன்றும் பெரிதில்லை. ஓரத்து மடிப்பு நசுங்கியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மடிப்பு போயிருந்தால்தான் கஷ்டம். போல்ட்டுக்கெல்லாம் இப்போதிருந்தே தினம் எண்ணெய் விடுங்கள்.

கதவு இறங்குவதற்குக் கீல் காரணமாக இருக்காது. சேஸிலிருந்து பக்கவாட்டில் கை மாதிரி நீட்டிக்கொண்டு பாடியைத் தாங்குகிற துண்டுகள் இருக்கும். அவுட்ரிகர் என்போம். அதற்குள் சேறு போய் ஈரம் தங்கி உள்ளிருந்தே துரு தின்றுவிடும். வெளியே பெயிண்ட் நன்றாக இருக்கும், ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் உள்ளே போய்விடும். குத்திப் பாருங்கள். வெட்டிப் புதுத் தகட்டில் செய்து வைக்கலாம், 16 கேஜ் போதும். ஆனால் கவனம்: வேலைக்கு முன்னால் கதவு வாசலில் குறுக்கே ஒரு பட்டையை போல்ட் பண்ணிவிட்டுத்தான் பழைய துண்டை வெட்ட வேண்டும். இல்லையென்றால் வாசல் அளவு மாறி, பிறகு ஜென்மத்துக்கும் கதவு பொருந்தாது. அந்தத் தவறை நானே 1984-ல் ஒரு வண்டியில் செய்து, இரண்டு மாதம் உழைப்பு வீணானது.

இன்ஜின் 948 சிசி, ரொம்ப எளிமையான இன்ஜின். 20 வருடம் நின்றால் பிஸ்டன் ரிங் ஒட்டிக்கொள்வது சகஜம். தயவுசெய்து பேட்டரி மாட்டி செல்ஃப் அடித்துவிடாதீர்கள். நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் டீசலும் இன்ஜின் ஆயிலும் கலந்து ஒரு அவுன்ஸ் விடுங்கள். தினமும் கொஞ்சம் விடுங்கள். ஒரு வாரம் கழித்து இன்ஜின் முன்பக்கம் இருக்கும் கிராங்க் புல்லி நட்டில் ரிங் ஸ்பேனர் போட்டு, பலம் காட்டாமல் முன்னும் பின்னும் அசையுங்கள். ஒரு நூல் அசைந்தால் போதும், மீதி வந்துவிடும்.

சுற்ற ஆரம்பித்ததும் அடுத்து பார்க்க வேண்டியது த்ரஸ்ட் வாஷர். கிராங்க்கின் பின்பக்க பேரிங்கில் அரை நிலா மாதிரி இரண்டு வாஷர் இருக்கும். கிளட்ச் மிதிக்கும்போது வரும் தள்ளுவிசையை அதுதான் தாங்குகிறது. தேய்ந்துபோனால் கழன்று ஆயில் சம்ப்பில் விழுந்துவிடும்; அப்புறம் கிராங்க் பிளாக்கையே அரைத்துவிடும். புல்லிக்குப் பின்னால் கம்பி கொடுத்து மெதுவாக நெம்புங்கள். கண்ணுக்குத் தெரியும்படி முன்னும் பின்னும் போனால் ஆயில் சம்ப்பை இறக்கிப் புது வாஷர் போட்டே ஆக வேண்டும். பள்ளக்கோடு இருக்கிற முகம் கிராங்க் பக்கம் வர வேண்டும், திருப்பிப் போட்டுவிடக்கூடாது.

மூன்றாவது, இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன்: முன்சக்கரத்துக்கு உள்பக்கம், கீழே ட்ரன்னியன் என்று ஒரு வெண்கலத் துண்டு இருக்கும். ஸ்டியரிங் திருப்பும்போது சக்கரத்தைத் தாங்கும் தண்டு அதன் மரையில்தான் திரும்புகிறது. அதற்குக் கிரீஸ் அடிக்கக்கூடாது. 90 நம்பர் கியர் ஆயில்தான் விட வேண்டும். சர்வீஸ் ஸ்டேஷன்களில் எல்லா நிப்பிளுக்கும் கிரீஸ் அடித்து அடித்துப் பழக்கம். கிரீஸ் அந்த மரைக்குள் ஏறாது, தண்ணீர் ஏறும், உள்ளே துரு பிடிக்கும். ஒருநாள் திரும்பும்போது அந்தத் தண்டு முறிந்து சக்கரம் மடங்கிவிடும். நான் பார்த்திருக்கிறேன். இரண்டு பக்கமும் கழற்றி மரையைத் துடைத்துப் பாருங்கள். அரிப்பு இருந்தால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். ஒரு பக்கம் வலமரை, மறுபக்கம் இடமரை. கழற்றும்போதே குறித்து வையுங்கள். இங்கிலாந்தில் இன்றைக்கும் இந்தச் சாமான் புதிதாகவே கிடைக்கிறது. அங்கே ஸ்பிட்ஃபயர் என்ற கார் இதே குடும்பம் என்பதால் தேவை குறையவில்லை.

கடைசியாக கிளட்ச். மிதித்தால் தரையோடு போனது என்றால் பிளேட் போனதாக நான் நினைக்கவில்லை. இது ஆயிலில் வேலை செய்கிற கிளட்ச். உள்ளே கியர்பாக்ஸ் மேல் இருக்கும் மூடியைக் கழற்றினால் பக்கத்தில் சின்ன சிலிண்டர் ஒன்று தெரியும். அதைப் பிரித்து ரப்பரைப் பாருங்கள்.

---

கோப்புக்கட்டு, தஞ்சாவூர்:

வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். காகித விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

இன்ஜின் மாற்றும் யோசனை இருந்தால் முதலில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவைப் படியுங்கள். தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களோடு ஆர்.சி.யில் இருப்பது ஒத்துப்போகாத அளவுக்கு வண்டியை மாற்றக்கூடாது என்பது அதன் சாரம். 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து போன வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதியாகச் சொல்லிவிட்டது. கூரை இல்லாமல் ஓட்டினால் பாடி வகையே மாறிவிடுகிறது. வேறு கம்பெனி இன்ஜின் என்றால் எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) நிறுத்தும்போதே பிடிபடும். நிறம் மாற்றலாம், அதையும் எழுதிக் கொடுத்து ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும்.

பலரும் உடனே "விண்டேஜ் பதிவு வாங்கிவிடுங்கள்" என்பார்கள். அவசரப்பட வேண்டாம். 2021 ஜூலையில் வந்த விதி அது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய வண்டிக்குப் பொருந்தும். உங்கள் வண்டிக்குத் தகுதி உண்டு. ஆனால் சேஸ், பாடி, இன்ஜின் எதிலும் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது. அதைவிட முக்கியம், அப்படிப் பதிவு செய்த வண்டியைக் கண்காட்சி, பழைய கார் அணிவகுப்பு, ஆராய்ச்சி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்று இவற்றுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப்போக எடுக்க முடியாது. நீங்கள் ஓட்டத்தான் போகிறீர்கள் என்றால் சாதாரணப் பதிவைப் புதுப்பித்துக்கொண்டு போவதே மேல்.

பெயர் மாற்றம்: தாத்தா பெயரில் இருந்து நேராக உங்கள் பெயருக்கு வரப் படிவம் 31. தாத்தாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, அப்பாவின் இறப்புச் சான்று, அவருடைய வாரிசுச் சான்று, அத்தை சித்தப்பா இருந்தால் எல்லோருடைய சம்மதக் கடிதமும் வாங்கி வையுங்கள். இத்தனை வருடம் தாமதமானதற்கு ஒரு விளக்கக் கடிதமும் வேண்டும். பழைய பதிவேடு கணினியில் ஏறியிருக்காது. அந்த அலுவலகத்தில் கேட்டு முதலில் அதை ஏற்ற வேண்டும். அதற்கு அசல் ஆர்.சி. புத்தகம் அவசியம். இருக்கிறதா?

ஒரு வேண்டுகோள். வெல்டிங், பெயிண்டிங் எதையும் தொடங்கும் முன் சேஸ் எண் இருக்கும் இடத்தைச் சுத்தம் செய்து, மேலே தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து ஐந்தாறு பிரதி எடுத்து வையுங்கள். இன்ஜின் எண்ணுக்கும் அப்படியே. கிரைண்டர் பட்டு எண் அழிந்த வண்டியோடு வந்து கண் கலங்கி நின்றவர்களை என் மேசைக்கு எதிரே பார்த்திருக்கிறேன்.

தாத்தாவின் கைப்பிடி, பெட்டி இரண்டுக்கும் சட்டத்தால் எந்தத் தொந்தரவும் இல்லை. அந்த வெளி விளக்கை மட்டும் சாலையில் எரியவிடாதீர்கள்.

---

தல்லாகுளம்:

நான் மதுரை. அப்பாவின் 1968 ஃபியட் 1100-ஐ ஆறு வருடத்துக்கு முன்னால் நீங்கள் சொல்கிற மாதிரிதான் செய்தேன். வேறொரு வண்டியின் 1300 சிசி இன்ஜின், ஐந்து கியர், முன்னால் இரண்டு பக்கெட் சீட். செய்து கொடுத்தவர்கள் வேலையைச் சுத்தமாகத்தான் செய்தார்கள். நன்றாகவே ஓடியது.

ஃபியட்டில் கியர் ஸ்டியரிங்கிலேயே இருக்கும், முன்சீட் ஒரே பெஞ்ச். நாங்கள் ஆறு பேர் போவோம். அப்பா ஓட்ட, அம்மா ஓரத்தில், நடுவில் நான். என் காலடியில் தூக்குவாளி. கொடைக்கானல் ஏறும்போது அப்பா இரண்டாவது கியருக்குத் தள்ள, அவர் முழங்கை என் தலைக்கு மேலே போகும். புது கியர்பாக்ஸ் வந்ததும் நடுத்தரையை வெட்டி லீவர் வைத்தார்கள். அந்த இடமே இல்லாமல் போய்விட்டது. என் மகளை அங்கே உட்கார வைக்க வேண்டும் என்றுதான் வண்டியையே எடுத்தேன், அது எனக்கு வேலை முடிந்த பிறகுதான் உறைத்தது.

பழைய இன்ஜினையும் கியர் ராடையும் பட்டறையிலேயே விட்டுவிட்டேன். திரும்பக் கேட்டபோது எடைக்குப் போட்டாயிற்று என்றார்கள். இப்போது புதுப்பிக்கப் போனால் எஃப்.சி. கிடைக்கவில்லை. வண்டி ஷெட்டில் நிற்கிறது. பழைய இன்ஜினைத் தேடி கோவை உக்கடத்துக்கும் சென்னை புதுப்பேட்டைக்கும் அலைந்துகொண்டிருக்கிறேன்.

நீங்கள் எதை மாற்றினாலும் கழற்றியதை ஒரு திருகு விடாமல் வீட்டுக்கு எடுத்துவந்துவிடுங்கள். அப்புறம் வேலை தொடங்குவதற்கு முன்னால் அந்த வண்டியில் யார் எங்கே உட்காருவார்கள் என்று வீட்டில் எல்லோரையும் கேளுங்கள்.

---

ஹெரால்டு_தம்பி:

நான்தான் அந்தத் தம்பி. அண்ணன் லிங்க் அனுப்பினான். இதற்காகவே பெயர் பதிந்து எழுதுகிறேன்.

கூரையை வெட்டச் சொன்னது ஸ்டைலுக்காக மட்டும் இல்லை. அப்பா அந்த வண்டியை 20 வருடம் துணி போட்டு மூடி வைத்திருந்தார். யாரையும் தொடவிடவில்லை. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் துணியை எடுத்து, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, திரும்ப மூடிவிடுவார். எனக்கு நினைவு தெரிந்து அந்த வண்டி ஓடி நான் பார்த்தது மூன்று வயது வரைதான். "ஒரிஜினல், ஒரிஜினல்" என்று இன்னொரு 20 வருடம் அது மூடியே கிடந்துவிடும் என்பதுதான் என் பயம். மாருதி இன்ஜின் என்றால் எந்த ஊரில் நின்றாலும் சாமான் கிடைக்கும். திருச்செந்தூர் வரைக்கும் தைரியமாகப் போய் வரலாம். எனக்கு அந்த வண்டி ஓட வேண்டும், அவ்வளவுதான்.

தல்லாகுளம் அக்கா எழுதியதைப் படித்த பிறகு இன்ஜின் விஷயத்தில் நான் பிடிவாதம் பிடிக்கவில்லை. ஆனால் ஐயா, 60 வருடம் பழைய பிரேக்கை நம்பி இன்றைய நாகப்பட்டினம் ரோட்டில் என் அம்மாவை எப்படிக் கூட்டிப்போவது?

---

பழையபட்டறை, திருச்சி:

தம்பியின் கேள்வி நியாயமான கேள்வி. இந்த வண்டியைப் பூஜை அறையில் வைக்கச் சொல்லவில்லை. ஓட்டத்தான் வேண்டும். நின்றால்தான் கெடும்.

பெரிய இன்ஜின் ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால் சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். இதன் பின்சக்கரம் இரண்டும் நடுவிலிருந்து தனித்தனியே ஆடும், மேலே குறுக்காக ஒரே ஸ்பிரிங் பட்டா. வேகமாக வளைவில் போய் சட்டென்று ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வெளிச்சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும். 35 குதிரைத்திறனுக்குப் போட்ட அமைப்பு அது. அதில் 60, 70-ஐ ஏற்றினால் உங்கள் அம்மாவுக்குத்தான் ஆபத்து.

உங்கள் கை வேலைக்கு இடம் வேறு பக்கம் நிறைய இருக்கிறது. முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் போடுங்கள். இங்கிலாந்தில் இதே ஹெரால்டுக்கு அது கூடுதல் வசதியாக வந்ததுதான், ஸ்பிட்ஃபயர் சாமான் அப்படியே உட்காரும். விவரத்தை ஆர்.டி.ஓ. ஆபீஸில் முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிடுங்கள். டயர் 13 அங்குலம். பழைய ரிம்மிலேயே 145/80 ரேடியல் மாட்டலாம், இந்த அளவைச் சொல்லிக் கேட்டால் கடையில் தருவார்கள். அலாய் தேடி அலையாதீர்கள், மாருதி வீலின் போல்ட் இடைவெளி இதற்குச் சேராது. ஹெட்லைட் 7 அங்குல வட்டம், அம்பாசடர் அளவு. ஹாலஜன் போட்டு, ரிலே வைத்து வயரிங்கை முழுசாகப் புதிதாக இழுங்கள். டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர் வைக்கலாம். அதற்கு முன் பேட்டரியில் எந்த முனை எர்த் ஆகியிருக்கிறது என்று பாருங்கள். அந்த வருடத்து வண்டியில் பாசிட்டிவ் எர்த் இருக்க வாய்ப்பு அதிகம். தெரியாமல் மாட்டினால் ஆல்டர்னேட்டர் ஒரு நொடியில் போய்விடும்.

சீட் பெல்ட் கட்டாயம் வையுங்கள். வெறும் தகட்டில் ஓட்டை போட்டு முடுக்காமல் அடியில் தடித்த பிளேட் கொடுத்து முடுக்குங்கள். பெட்ரோல் ஹோஸ், பம்ப் டயாஃப்ரம் எல்லாம் புதிது, எத்தனால் தாங்குகிற ரகம். இப்போது வருகிற பெட்ரோலில் பழைய ரப்பர் ஊறிக் கரைந்துவிடும்.

இவ்வளவும் செய்தால் திருச்செந்தூர் போய் வரலாம், 60 கிலோமீட்டர் வேகத்தில். வழியில் நின்றால் பிளேடு, பாயின்ட், கண்டென்சர், கொஞ்சம் வயர் இருந்தால் ரோட்டோரத்திலேயே எடுத்துவிடுவீர்கள். தம்பிக்கு நானே சொல்லித் தருகிறேன்.

---

முள்ளியாறு66:

எல்லோருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து எழுதுகிறேன், நடந்ததைச் சொல்கிறேன்.

ஆர்.சி. புத்தகம் கிடைத்துவிட்டது. தாத்தாவின் ரோகிப் பதிவேடுகளுக்கு நடுவே இருந்தது. அத்தை இருவரும் சம்மதக் கடிதம் தருகிறார்கள். பெரியத்தை மட்டும் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்: அவர் பிறந்ததும் வீட்டுக்கு வந்தது அந்த முன்சீட்டில்தானாம், வண்டி கிளம்பியதும் முதலில் அவரைத்தான் ஏற்ற வேண்டும். எண்களைப் பென்சிலால் தேய்த்து எடுத்துவிட்டோம். கோப்புக்கட்டு ஐயா, முதல் பிரதியை உங்கள் நினைவாக நல்ல தாளில் எடுத்தோம்.

அவுட்ரிகர் நீங்கள் சொன்ன மாதிரியேதான். டிரைவர் பக்கம் ஸ்க்ரூ டிரைவர் பிடிவரைக்கும் உள்ளே போய்விட்டது. இடப்பக்கம் பரவாயில்லை. மன்னார்குடியில் ஒரு லேத் பட்டறைக்காரர் அளவெடுத்துப் போயிருக்கிறார். ட்ரன்னியன் மரையில் இரண்டு பக்கமும் குழிக்குழியாக அரிப்பு. கிரீஸ் காய்ந்து கல் மாதிரி இருந்தது. இரண்டையும் மாற்றுகிறோம். அதுவரை வண்டியைக் கயிறு கட்டி இழுக்காமல் மேலே ஏற்றித்தான் கொண்டுபோவோம்.

ஒன்பதாவது நாள் ராத்திரி நானும் தம்பியும் புல்லியில் ஸ்பேனர் போட்டோம். முதலில் ஒன்றுமில்லை. தம்பி தன் முழு எடையையும் போடப் பார்த்தான், நான் தடுத்தேன். முன்னால், பின்னால், முன்னால், பின்னால் என்று கால் மணி நேரம். திடீரென்று உள்ளே ஈரத் துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். அரைக்கால் சுற்று போனது. அம்மா டார்ச் பிடித்துக்கொண்டிருந்தார். ஒருவரும் பேசவில்லை. அப்புறம் முழுச் சுற்று. நெம்பிப் பார்த்ததில் புல்லி முன்பின்னாக நகருவது கண்ணுக்கே தெரிகிறது, எனவே த்ரஸ்ட் வாஷர் வாங்க வேண்டிய பட்டியலில் ஏறிவிட்டது.

கிளட்ச் சிலிண்டரையும் பிரித்தோம் ஐயா. உள்ளே இருந்த ரப்பர் கப் ஊறி, ஓரம் பிய்ந்து, விரலில் எடுத்ததும் கறுப்பு மாவாக உதிர்ந்துவிட்டது. கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். பிளேட் இன்னும் நன்றாக இருக்கிறது. அப்பா வண்டியை நிறுத்தியது அந்த ரப்பருக்காகத்தான். தம்பி அதைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

தல்லாகுளம் அக்கா, நீங்கள் சொன்ன மாதிரி வீட்டில் கேட்டேன். அம்மா பின்சீட்டில் மரப்பெட்டிக்குப் பக்கத்தில்தான் உட்காருவாராம். கல்யாணமாகி வந்த அன்றும் அங்கேதான் உட்கார்ந்தாராம். ஆகவே பெட்டி அங்கேயே இருக்கிறது. எலி தின்ற சீட்டுக்கு மட்டும் தேங்காய் நாரும் ரெக்சினும். பழைய ஃபியட் இன்ஜின் பற்றித் திருவாரூரில் ஒரு மெக்கானிக்கிடம் சொல்லி வைத்திருக்கிறேன், தகவல் வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.

ஐயாவிடம் ஒரே ஒரு கேள்வி மீதி. கைப்பிடி மாட்டியிருக்கும் இரண்டு போல்ட்டில் ஒன்று டேஷ்போர்டுக்குப் பின்னால் சுழல்கிறது. வேறு போல்ட் போட்டு இறுக்கலாமா, இல்லை அதையே வைத்துப் பின்னால் பிளேட் கொடுக்கலாமா? பெரியத்தை பிடிக்கப்போகிற பிடி, ஆடக்கூடாது.

---

பழையபட்டறை, திருச்சி:

அதே போல்ட், பின்னால் 3 மில்லிமீட்டர் பிளேட், ஸ்பிரிங் வாஷர். டேஷ்போர்டைக் கழற்றும்போது நான் வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ் பிடித்தால் பத்து மணிக்குள் வந்துவிடுவேன். கூரை போல்ட்டுகளுக்கு எண்ணெய் விட்டு வையுங்கள்.